முகம் மனிதனுடையது; உழைப்பு யாருடையது?

விஞ்ஞானப் புனைகதை என்றதும் முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கின்றனர். விண்வெளிக் கப்பலும் இயந்திர மனிதனும் வேலையற்றோரின் பகற்கனவுகள். அவற்றை ஆராய்ந்துகொண்டிருக்கச் சமூக உணர்வுள்ள எழுத்தாளனுக்கு நேரமில்லை என்பது அவர்கள் கட்சி. இதற்கு நேரெதிரான கட்சியொன்றும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராகிய 'பட்டில்ஸ்டார் கலக்டிக்கா'வின் புதிய வடிவத்தைப் போல மனித உரிமைக்காகக் குரல்கொடுத்த படைப்பு அத்துறையில் வேறில்லை. மனிதனைப் போன்ற இயந்திரங்களுக்கும் மனித மதிப்பை வழங்கிய அத்தொடரை முற்போக்காளர் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2009 மார்ச் 17ஆந் திகதி நியூயோர்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்திலேயே அத்தொடரின் சிருஷ்டிகர்த்தாக்களும் நடிகர்களும் அமர்ந்து, மனித உரிமை, பயங்கரவாதம், பகைத்தோர் இணங்குதல் என்பன பற்றிக் கலந்துரையாடினார்களே, இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று அவர்கள் கேட்பர்.

முதற் கட்சியாருக்கு நீண்ட விடை தேவையில்லை. இலட்சக்கணக்கானோர் விரும்பிப் பார்க்கும் ஒரு கதையை ஆராயாது விடுவது, அக்கதை புகட்டும் கருத்தை எதிர்ப்பின்றி நடமாட விடுவதாகும். மாணவன் இரவில் பார்த்த கதையை ஆசிரியர் பகலில் அறியாதிருப்பது பெருமைக்குரிய செய்தியன்று. நமது விவாதம் இரண்டாவது கட்சியாருடனேயே. ஏனெனில் அவர்கள் சொல்வதிற் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை எப்போதும் முழுப் பொய்யிலும் பார்க்க நீண்ட ஆயுள் உடையது.

கதையை அறியாதவருக்காகச் சுருக்கிச் சொல்லலாம். பன்னிரு கோள்களில் குடியேறி வாழும் மனிதகுலம் தனக்கு ஏவல் செய்வதற்காகச் 'சைலன்' எனப்படும் இயந்திரங்களைப் படைக்கிறது. அவை கிளர்ந்தெழுகின்றன. கொடும் போர் மூள்கிறது, பின்னர் உடன்படிக்கை, அதன்பின் நாற்பதாண்டு மௌனம். ஒருநாள் அணுகுண்டு மழை பொழிகிறது. ஏறக்குறைய 50,000 பேர் மாத்திரம் எஞ்சி, கலக்டிக்கா என்னும் பழைய போர்க்கப்பலின் காவலில் விண்வெளியில் அலைகின்றனர். 2003 டிசெம்பரில் ரொனால்ட் மூர், டேவிட் ஐக் ஆகியோர் இக்கதையைப் புதுப்பித்துத் தந்தனர்; தொடர் 2009 மார்ச்சில் நிறைவுற்றது. புதுப்பித்தோர் செய்த பெருமாற்றம் யாதெனில், சைலன்களுள் பன்னிரு வகையினரைத் தசையும் குருதியும் கொண்ட மனித உருவினராக்கியமையே. அவர்கள் வியர்ப்பர், அழுவர், காதலிப்பர், கருத்தரிப்பர். பெரும்பாலான வகைகளுக்கு எண்ணற்ற பிரதிகள் உண்டு. ஓருடல் மாண்டால் அதன் நினைவு மற்றோர் உடலிற் சென்று கண்விழிக்கும். சிலர் தாம் சைலன் என்பதையே அறியாது, மனிதர் நடுவே மனிதராக வாழ்ந்து வருவர்.

இயந்திரத்துக்கு மனித முகத்தைக் கொடுத்ததன் மூலம் இத்தொடர் ஓர் அறக் கேள்வியை எழுப்பியது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே முகத்தைத் திரையாகத் தொங்கவிட்டு, அதனினும் பெரிய கேள்வியாகிய உழைப்புக் கேள்வியை அது மறைத்துவிட்டது. முன்னதைக் கண்டு கைதட்டும் நண்பர்கள் பின்னதைக் காணவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

மனித முகம் 2003இல் கண்டுபிடிக்கப்பட்ட புதுமையன்று. 'ரோபோ' என்ற சொல் பிறந்தபோதே அந்த முகமும் உடன்பிறந்தது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதி, 1921இல் பிராக் நகரில் அரங்கேறிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகமே அச்சொல்லை உலகுக்கு அளித்தது. செக் மொழியில் 'ரொபொட்டா' என்பது, நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்துகொடுக்க வேண்டிய கட்டாய ஊழியத்தின் பெயர். அந்த நாட்டில் அவ்வழக்கம் 1848இலேயே ஒழிக்கப்பட்டது. நமது நாட்டில் 1832 வரை நிலவிய இராஜகாரியத்தின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனத்தை விளக்கவேண்டியதில்லை.

சாபெக்கின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல. செயற்கைப் பொருளாற் செய்யப்பட்டு மனிதரைப் போலவே தோற்றமளிப்பவை. தீவொன்றிலுள்ள தொழிற்சாலை அவற்றை உற்பத்தி செய்து மலிவான கூலிகளாக உலகெங்கும் விற்கிறது. வேலையிழந்த தொழிலாளர் கிளர்ந்தெழும்போது, அவர்களை அடக்க ரோபோக்களின் கையில் ஆயுதம் கொடுக்கப்படுகிறது. பின்னர் அரசுகள் அவற்றைச் சிப்பாய்களாக்குகின்றன. இறுதியில் ரோபோக்கள் மனிதகுலத்தை அழிக்கும்போது ஒருவனை மாத்திரம் உயிரோடு விடுகின்றன. அவன் கட்டடக் கலைஞனான அல்க்விஸ்ட். ஏன் அவனை விட்டன? அவன் தங்களைப் போலவே கைகளால் உழைப்பவன் என்பதனால்! சாபெக் மார்க்சீயவாதியல்லர், கம்யூனிஸ்டுகளோடு முரண்பட்டவர். எனினும் அந்த ஒரு காட்சியில் அவர் கண்ட உண்மை பெரிது. இனம் எது, பகை எது என்பதை முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் உழைப்பைப் பார்த்து அவருடைய ரோபோக்கள் முடிவு செய்தன. மனிதனை இயந்திரமாக்கிவிட்ட தொழிற்சாலையைச் சுட்டிக்காட்டவே சாபெக்கிற்கு அந்த மனித முகம் பயன்பட்டது.

இனி அமெரிக்கத் திரைக்கு வருவோம். கிளென் லார்சனின் பழைய 'கலக்டிக்கா' 1978 செப்டெம்பர் 17ஆந் திகதி தொடங்கியது. அதில் சைலன்கள் பளபளக்கும் உலோக உருவங்கள். அவற்றைப் படைத்தோரும் மனிதர் அல்லர். அழிந்துபோன ஊர்வன இனமொன்று. மனிதகுலம் அழிவதற்குக் காரணம் அது சமாதானத்தை நம்பியமையே. உடன்படிக்கை என்பது பொறி. அதனை நம்பிய தலைவன் ஏமாளி. அதற்காகத் தூது நடந்தவன் துரோகி. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுவாயுதக் கட்டுப்பாடு பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆண்டில் இக்கதை யாருக்கு என்ன சொல்லிற்று என்பதை ஊகிப்பதற்கு அதிக புலமை வேண்டியதில்லை. அந்த முதலிரவு நிகழ்ச்சியை இடைநிறுத்திவிட்டு, காம்ப் டேவிட்டில் எகிப்தும் இஸ்ரேலும் உடன்படிக்கை செய்துகொண்ட செய்தியை அதே அலைவரிசை ஒளிபரப்ப நேர்ந்தது. வரலாறு சில வேளைகளில் இப்படித்தான் குறுக்கிட்டுப் பேசும்.

இதனோடு ஒப்பிடுகையில் 2003ஆம் ஆண்டின் தொடர் ஒரு படி முன்னேறியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பகைவன் எங்கிருந்தோ வந்தவன் அல்லன். நாமே படைத்து, நாமே அடிமைகொண்டு, நாமே பகைத்துக்கொண்டவன் என்று அது கூறிற்று. 2001 செப்டெம்பருக்குப் பின் அமெரிக்காவில் எழுந்த போர்வெறியின் நடுவே, ஈராக் மீது படையெடுத்த அதே ஆண்டில் இவ்வாறு கூறுவதற்குச் சிறிதளவேனும் துணிவு வேண்டும்.

2004 ஏப்ரிலில் அபு கிரைப் சிறையின் படங்கள் வெளிவந்தன. ஓராண்டு கழியுமுன் இத்தொடரின் முதற் பருவத்தில் ஒரு காட்சி வந்தது. லியோபென் என்ற சைலன் கைதியின் தலையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்து விசாரிக்கின்றனர். ஈற்றில் சனாதிபதி ரோஸ்லின் அவனை விண்வெளிக்குள் எறிந்து கொல்ல உத்தரவிடுகிறாள். 2005இல் பெகஸஸ் என்ற மற்றொரு போர்க்கப்பலின் கதை வந்தது. அங்கே சிறைப்பட்ட சைலன் பெண்ணொருத்தி கப்பற் சிப்பாய்களால் சூறையாடப்பட்டுக் கிடக்கிறாள். அவள் வெறும் இயந்திரம். இயந்திரத்துக்கு இழைப்பது குற்றமாகாது என்பது அவர்கள் நியாயம். 2006 ஒக்டோபரில் மூன்றாம் பருவம் தொடங்கியபோது, சைலன்கள் ஆக்கிரமித்த நியூ கப்ரிக்கா என்ற குடியேற்றத்தில், கதைநாயகர்களாகிய மனிதரே உடலிற் குண்டு கட்டிச் சென்று ஆக்கிரமிப்பாளரையும் அவர்களுக்கு உதவும் பொலிஸ்காரரையும் அழிக்கின்றனர். ஈராக்கில் தம் சொந்தப் படை ஆக்கிரமித்து நின்ற வேளையில், அமெரிக்கப் பார்வையாளரை ஆக்கிரமிக்கப்பட்டோரின் இடத்தில் நிறுத்திய காட்சி அது.

இவையெல்லாம் நன்று. நண்பர்கள் கொண்டாடும் பாதி உண்மை இதுவே. மற்றைப் பாதியை இனி நோக்குவோம்.

இத்தொடரில் சைலன்கள் இருவகையினர். நமது கண்ணீரைப் பெறும் வகையினர் அழகிய முகம் படைத்தவர்கள். அவர்களுக்குக் காதல் உண்டு, பக்தி உண்டு, மனச்சாட்சியின் உறுத்தல் உண்டு. நீண்ட வசனங்களும் உண்டு. மற்றைய வகையினர் 'செஞ்சூரியன்' எனப்படும் உலோக உருவினர். காவல் நிற்பவர்கள் அவர்கள். முன்னே சென்று சுடுபவர்களும் சுடப்படுபவர்களும் அவர்கள். மனித உருச் சைலன்கள் கட்டளையிடுகின்றனர், செஞ்சூரியன்கள் நிறைவேற்றுகின்றனர். அவர்கள் வாய்திறந்து பேசுவதில்லை. அதைவிடக் கொடியது: உயர்ந்த சிந்தனை எழாதவாறு தடுக்கும் கருவியொன்று அவர்கள் தலையிற் பொருத்தப்பட்டிருக்கிறது. யார் பொருத்தியது? மனிதரல்லர், அடிமைத்தளையை அறுத்தெறிந்து வந்ததாக முழங்கும் சைலன்களே பொருத்தினர்!

சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. முதலிற் கிளர்ந்தெழுந்தவை உலோக இயந்திரங்கள். அந்தப் புரட்சியின் பலனை அனுபவிப்பதோ மனித முகம் பெற்ற ஒரு மேற்றட்டு. கிளர்ச்சி செய்த இனமே மீண்டும் ஏவலினமாயிற்று. ஒரு நல்ல நாடகாசிரியனின் கையில் இது எத்தகைய பொருள்! காலனியாட்சி போனபின் வெள்ளையன் இருந்த கதிரையில் உள்ளூர்த் துரை அமர்ந்துகொண்ட கதையை ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வாழும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடரும் அந்த வாசல்வரை வருகிறது. 2008இல் ஒளிபரப்பான நான்காம் பருவத்தில், மனித உருச் சைலன்களிடையே பிளவு ஏற்பட்டு, ஒரு சாரார் செஞ்சூரியன்களின் தலையிலிருந்த தடையை நீக்கிவிடுகின்றனர். ஆனால் எதற்காக? மறுசாராரைச் சுட்டு வீழ்த்த ஆட்கள் வேண்டியிருந்தமையால். விடுதலை பெற்ற செஞ்சூரியன் என்ன நினைத்தான், என்ன கேட்டான் என்பதைத் தொடர் நமக்குச் சொல்லவேயில்லை. இறுதியில் அவர்களிடம் ஒரு கப்பலைக் கொடுத்து, போய்வாருங்கள் என்று அனுப்பிவிடுகின்றனர். மனித முகமுள்ள சைலன்களுக்கு மனிதரோடு புது மண்ணில் இடம் உண்டு; உலோக முகத்துக்கு நாடுகடத்தல். இதற்குப் பெயர் விடுதலையாம்!

முகத்தைக் கண்டு இரங்கும் இரக்கத்தின் எல்லை இங்கேதான் தெரிகிறது. அது நம்மைப் போலத் தோன்றுபவனுக்கு மாத்திரம் உரியது. நம்மைப் போல அழகாகப் பேசுபவனுக்கும் நம்மைப் போலக் காதலிப்பவனுக்கும் அது கதவைத் திறக்கும். நமது பாத்திரத்தைக் கழுவுபவன், நமது சுரங்கத்தை அகழ்பவன், நமது போரிற் சாகிறவன் முகமின்றி வந்தால், அவனை அது அடையாளங் காணாது. இதனை மனிதாபிமானம் என்பது மனிதாபிமானத்தை இழிவுபடுத்துவதாகும். நிலவுடைமைச் சமுதாயத்துப் பெருமாட்டியும் வளர்ப்புக் கிளிக்காக அழுதவள்தான்.

நண்பர்கள் குறுக்கிடுவர்: "தொழிலாளர் பிரச்சினையை இத்தொடர் காட்டவில்லையா? ஒரு முழு நிகழ்ச்சியையே அதற்கு ஒதுக்கவில்லையா?" ஆம், ஒதுக்கியது. அதையும் பார்த்துவிடுவோம்.

கலக்டிக்காவில் டைரோல் என்ற தொழில்நுட்பத் தலைவன் இருக்கிறான். 2006 மார்ச்சில் ஒளிபரப்பான நிகழ்ச்சியொன்றில் அவன் நியூ கப்ரிக்காவின் தொழிற்சங்கத் தலைவனாக நின்று சொற்பொழிவாற்றுகிறான். இயந்திரத்தின் ஓட்டம் மனம் பொறுக்கவொண்ணாதபடி வெறுப்பூட்டும்போது, அதன் சக்கரங்கள் மீது நமது உடல்களைக் கிடத்தியேனும் அதனை நிறுத்தவேண்டும் என்பது அந்தப் பேச்சின் சாரம். இது தொடரின் ஆசிரியர்கள் கற்பித்த பேச்சன்று. 1964 டிசெம்பர் 2ஆந் திகதி கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகப் படிக்கட்டில் மாணவர் தலைவன் மரியோ சவியோ நிகழ்த்திய பேச்சை அடியொற்றியது. பேச்சுச் சுதந்திரத்துக்காக அன்று போராடிய மாணவர்களின் குரல் விண்வெளிக் கதையொன்றில் மீண்டும் ஒலித்தது.

அடுத்த ஆண்டு, 2007 பெப்ரவரி 25ஆந் திகதி வந்தது நண்பர்கள் குறிப்பிடும் நிகழ்ச்சி. எரிபொருள் சுத்திகரிக்கும் கப்பலில் தொழிலாளர் ஓய்வின்றி உழைக்கின்றனர். சிறுவரும் வேலை செய்கின்றனர். தந்தையின் தொழில் மகனைத் தொடர்கிறது. முறையிட்டவன் சிறையிலிடப்படுகிறான். சிறையிலிட்டவள் யார்? சனாதிபதி ரோஸ்லின், ஒருகாலத்திற் பாடசாலை ஆசிரியையாக இருந்தவள், கல்வி அமைச்சராக இருந்தபோது, வேலைநிறுத்தஞ் செய்த ஆசிரியர்களோடு பேசி இணக்கங் கண்டதற்காகத் தன் தலைவனின் கோபத்துக்கு ஆளானவள். ஆசிரியர் போராட்டத்தின் நியாயத்தை அறிந்த அதே கரம் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்புகிறது. டைரோல் வேலைநிறுத்தத்தைத் தொடங்குகிறான். கப்பற்படைத் தலைவன் அடாமா அவனைச் சிறைப்படுத்தி, வேலைநிறுத்தத்தைக் கைவிடாவிட்டால் உன் மனைவியைச் சுவரோடு நிறுத்திச் சுடுவேன் என்கிறான். வேலைநிறுத்தம் கைவிடப்படுகிறது. கைவிடப்பட்ட பின்னர், சனாதிபதி தாமாகவே மனமிரங்கி, பேசலாம் வா என்று அழைக்கிறார். சில சீர்திருத்தங்களுக்கும் இணங்குகிறார்.

இதன் நீதி என்ன? போராட்டம் ஒழுங்கைக் குலைக்கும் குற்றம். உரிமையோ ஆள்வோரின் பெருந்தன்மையாற் கிடைக்கும் கொடை. மனைவியைக் கொல்வதாக மிரட்டியவன் கதையின் தந்தை நிலையிலேயே இறுதிவரை வைத்து மதிக்கப்படுகிறான். எட்டு மணித்தியால வேலைக்காகத் தூக்குமேடை ஏறிய சிக்காகோத் தொழிலாளரின் நாட்டிலிருந்து வரும் நீதியா இது?

ஒரே மாதத்தின் பின், மார்ச் 25ஆந் திகதி, டைரோலும் ஒரு சைலன் என்பது வெளிப்படுகிறது! இயந்திரத்தை நிறுத்துவோம் என்று முழங்கிய தொழிற்சங்கத் தலைவன் தானே ஓர் இயந்திரம். 'ரோபோ' என்ற சொல்லும் கட்டாய ஊழியம் என்ற அதன் தாய்ப்பொருளும் எண்பத்தாறு ஆண்டுகளின் பின் ஒரே மனிதனிடத்தில் வந்து சந்தித்த தருணம் அது. மனிதத் தொழிலாளியின் கையும் செஞ்சூரியனின் கையும் ஒன்றையொன்று பற்றுவதற்குக் கதை இடங்கொடுத்து நின்றது. தொடர் என்ன செய்தது? அவனுடைய சங்கத்தை மறந்தது. 'நான் யார்?' என்ற வேதனையை அவனுக்குக் கொடுத்தது. பழைய காதலையும் புதிய துரோகத்தையும் கொடுத்தது. தன் இனத்தின் அடிமைகளாகிய செஞ்சூரியன்களின் விடுதலையை அவன் தன் போராட்டமாக ஏற்கவில்லை. இறுதியில், மனிதர் எவருமற்ற குளிர்ந்த தீவொன்றிற் போய்த் தனியே வாழ்வதாகச் சொல்லி விடைபெறுகிறான். கூட்டாகப் போராடியவனுக்கு முதலாளித்துவக் கலை வழங்கும் தண்டனை எப்போதும் இதுவே: அவனைத் தனியனாக்குவது, அவனுடைய வர்க்கப் பிரச்சினையை அவனுடைய மனப் பிரச்சினையாக மாற்றிவிடுவது.

முகத்தை முதன்மைப்படுத்திய கதை இவ்வாறு முடிவதில் வியப்பில்லை. 'யார் மனிதன்?' என்பதையே கேட்டுக்கொண்டிருப்பவன் 'யார் உழைக்கிறான், யார் உண்கிறான்?' என்று கேட்க மறந்துவிடுகிறான். அக்கேள்வியைக் கேளாதவனுக்கு வரலாற்றின் இயக்கமும் விளங்காது. அதனாற்றான் இத்தொடர் ஈற்றில் விதியிடம் சரணடைகிறது. நடந்ததெல்லாம் முன்னரும் நடந்தது, இனியும் நடக்கும் என்பது அது திரும்பத் திரும்ப ஓதும் மந்திரம். மனிதன் இயந்திரத்தைப் படைப்பான், அடிமைகொள்வான், அது எழும், அழிவு வரும், மறுபடியும் அதே சக்கரம். சக்கரத்தைச் சுழற்றுவது யார், அதனால் இலாபமடைவது யார் என்ற ஆராய்ச்சி இல்லை. எஞ்சிய மக்கள் தங்கள் கப்பல்களையெல்லாம் சூரியனுக்குள் செலுத்தி அழித்துவிட்டு, கருவிகளைத் துறந்து காட்டுக்குள் நடக்கின்றனர். பின்னர் நமது காலத்து நியூயோர்க்; அங்கே திரையில் ஆடும் ரோபோக்கள்; எச்சரிக்கை! கருவிமீது பழியைப் போட்டுவிட்டால், கருவியின் சொந்தக்காரன் தப்பிவிடுகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் நெசவாளர் தறிகளை உடைத்ததைக் குறைகூறுவோர் உண்டு. அவர்களாவது யாருடைய தறி என்று தெரிந்துகொண்டே உடைத்தார்கள்.

நேர்மைக்காக இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2010இல் 'கப்ரிக்கா' என்ற முன்கதைத் தொடர் வந்தது. சைலன்களை உற்பத்தி செய்த தொழிலதிபனையும், அவன் இராணுவத்தோடு செய்த ஒப்பந்தத்தையும் அது காட்டிற்று. வேரைத் தேடிய முயற்சி அது. ஆயினும் போதிய பார்வையாளர் இன்றி ஒரே பருவத்தோடு நின்றுபோயிற்று. அதிலுங்கூட, முதற் சைலனின் உள்ளே வாழ்வது அந்தத் தொழிலதிபனுடைய மகளின் மனம்! அடிமையின் வரலாற்றைச் சொல்லவந்த கதைக்கும் எசமான் வீட்டு ஆன்மாவே தேவைப்பட்டது.

"கதைதானே, இதற்கு இவ்வளவு ஆவேசம் ஏன்?" என்று கேட்கலாம். கதைக்கு வெளியே நடந்தவற்றையும் நடப்பவற்றையும் பார்த்தால் காரணம் விளங்கும்.

2006 செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் இத்தொடரின் கிளைக்கதையொன்று பத்துக் குறும்பகுதிகளாக இணையத்தில் வெளியிடப்பட்டது. ஆக்கிரமிப்புக்கெதிரான எதிர்ப்பியக்கமே அதன் பொருள். இது வெறும் விளம்பரம், ஆகவே எழுதியவர்களுக்கு மறுஒளிபரப்பு ஊதியமும் இல்லை, பெயர்க்குறிப்பும் இல்லை என்றது என்.பி.சி. யூனிவர்சல் கொம்பனி. ரொனால்ட் மூர் அப்பகுதிகளை ஒப்படைக்க மறுத்தார். கொம்பனி அவற்றைத் தானே எடுத்துக்கொண்டது. எழுத்தாளர் சங்கம் முறைப்பாடு செய்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். இணையத்தில் வெளியாகும் படைப்புக்கு ஊதியம் என்பது அவர்களது முக்கிய கோரிக்கைகளுள் ஒன்று. நூறு நாள் நீடித்த அப்போராட்டத்தில் 'கலக்டிக்கா'வின் படப்பிடிப்பும் நின்றது. திரையில் வேலைநிறுத்தம் தவறென்று ஒப்புக்கொள்ளவைத்த தொடரின் எழுத்தாளர்கள், தெருவில் வேலைநிறுத்தமே சரியென்று கண்டுகொண்டனர். வாழ்க்கை கலையைத் திருத்திய சந்தர்ப்பம் அது.

இன்னும் கேளுங்கள். 1770இல் கெம்பலன் என்பவர் வியன்னா அரண்மனையில் சதுரங்கம் ஆடும் இயந்திரமொன்றைக் காட்டினார். துருக்கியனைப் போல உடையணிந்த பொம்மை, ஐரோப்பாவே வியந்தது. பெட்டிக்குள்ளே ஒரு மனிதன் குந்தியிருந்து காய்களை நகர்த்தினான். 2005இல், 'கலக்டிக்கா' உச்சப் புகழில் இருந்த வேளையில், அமெரிக்காவின் அமேசன் நிறுவனம் அந்தப் பொம்மையின் பெயரையே சூட்டி ஒரு சேவையைத் தொடங்கிற்று. கணினியாற் செய்யமுடியாத சில்லறை வேலைகளை, உலகெங்கும் சிதறிக்கிடக்கும் மனிதரைக்கொண்டு சில சதங்களுக்குச் செய்விப்பதே அதன் நோக்கம். இன்று மனிதரைப் போலவே உரையாடும் இயந்திரங்களைக் கண்டு வியக்கிறோம். அவற்றுக்குப் படங்களையும் சொற்களையும் வகைபிரித்துக் கொடுப்பதற்காக நைரோபியிலும் மணிலாவிலும் இளைஞர்கள் குறைந்த கூலிக்குத் திரைமுன் குனிந்திருக்கின்றனர். மனிதனுக்குள் இயந்திரம் ஒளிந்திருக்கிறதோ என்று தொடர் நம்மை அஞ்சவைத்தது. நிசவுலகில் இயந்திரத்துக்குள் ஒளிக்கப்பட்டிருப்பவன் மனிதன்.

2023இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர் 148 நாளும் நடிகர் 118 நாளும் வேலைநிறுத்தஞ் செய்தனர். நடிகர் சங்கம் வெளியிட்ட குற்றச்சாட்டுகளுள் ஒன்று, துணைநடிகரை ஒருநாட் கூலிக்கு அழைத்து, அவருடைய முகத்தையும் உடலையும் கணினியிற் பதிந்து, அப்பதிவைக் காலவரையின்றிப் பயன்படுத்தத் தயாரிப்பாளர்கள் உரிமை கேட்டனர் என்பது. தயாரிப்பாளர் தரப்பு அதனை மறுத்தது. மறுத்ததோ இல்லையோ, போராட்ட முடிவில் கைச்சாத்தான ஒப்பந்தத்தில், நடிகரின் கணினிப் பிரதியைப் பயன்படுத்துவதற்குச் சம்மதமும் ஊதியமும் வேண்டும் என்ற விதிகள் எழுதப்பட்டன. அந்த விதியை எழுதவைத்தது 118 நாட் பட்டினியும் பாதயாத்திரையுமே. எவருடைய பெருந்தன்மையும் அன்று. ஒரே முகத்துக்கு எண்ணற்ற பிரதிகள் என்ற கற்பனை இவ்வாறு மெய்யாகிறது. ஆனால் தலைகீழாக! மனித முகத்தைத் திருடியது கலகக்கார இயந்திரமன்று; அதை விலைபேசியது கொம்பனி. சாகாத நடிகன், சோறு கேளாத நடிகன், சங்கம் அமைக்காத நடிகன்: முதலாளியின் கனவிலுள்ள சைலன் இவனே.

ஆகவே நண்பர்களே, அத்தொடரைப் பாருங்கள். சித்திரவதையையும் ஆக்கிரமிப்பையும் அது கண்டித்த காட்சிகளை மாணவருக்கு எடுத்துக்காட்டுங்கள். ஆனால் அது நிறுத்திய இடத்தில் நீங்களும் நின்றுவிடாதீர்கள். நாளை வகுப்பறையில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், இயந்திரத்துக்கும் ஆன்மா உண்டா?" என்று கேட்பான். அழகிய கேள்வி, ஆயிரம் கட்டுரை எழுதலாம். நீங்கள் அவனுக்கு வேறு மூன்று கேள்விகளைத் திருப்பிக் கொடுங்கள். இந்த இயந்திரம் யாருடையது? இதற்குள் யாருடைய உழைப்பு ஒளிந்திருக்கிறது? இதனால் மிஞ்சும் நேரம் தொழிலாளியின் ஓய்வாகுமா, முதலாளியின் இலாபமாகுமா?

சாபெக்கின் ரோபோக்கள் அல்க்விஸ்டின் முகத்தை நோக்கவில்லை, கைகளை நோக்கின. நாமும் கைகளை நோக்கப் பழகுவோம்.